மாப்பிள்ளை வீட்டுக்குப் போன மருந்து

புற்றுநோயோடு வெளிநாடு போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒரு வசதிக்குறைவும் உண்டு. டிக்கெட் எடுக்காத அந்தப் பயணிக்குத்தான் கைப்பையில் பாதி இடம்.

என்னுடையது ரத்தத்தில் வந்த வகை. நிதானமானது. அரசாங்க அலுவலகத்துக் கோப்பைப் போல அவசரமில்லாமல் நகர்வது. காலையில் ஒரு குளிகை, இரவில் ஒரு குளிகை என்று தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தால், ஒரு மூலையில் அது பாட்டுக்குக் கிடக்கும். "நீங்க வேற ஏதாவது காரணத்தாலதான் சாவீங்க" என்று டாக்டரம்மா எனக்கு உறுதி கொடுத்திருக்கிறார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்றிதழ் இதுதான்.

கெடுபிடியெல்லாம் சாப்பாட்டில். குளிகைக்கு இரண்டு மணிநேரம் முன்பும் ஒரு மணிநேரம் பின்பும் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. போனால் மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறி இதயத்தின் தாளத்தைக் கெடுத்துவிடலாம். கூடவே கிரேப்ஃப்ரூட் என்றொரு பழம் ஆகவே ஆகாது. பாளையங்கோட்டைச் சந்தையில் அந்தப் பழத்தை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. என் வாழ்க்கையில் நான் முழுமையாகக் கடைப்பிடிக்கும் ஒரே ஒழுக்கம், கிரேப்ஃப்ரூட் தின்னாமை.

பயணத்துக்குக் காரணம் நிஸ்தார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். இப்போது இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடுதியில் அவன் எங்கள் தமிழைப் பேசக் கற்றுக்கொண்டான். நான் அவன் தமிழைக் கற்றுக்கொள்ளவில்லை. பெரிய நாட்டுக்காரர்கள் இப்படித்தான் இருப்போம். அதற்கான தண்டனையை இந்தப் பயணத்தில் அனுபவித்தேன்.

"மகளுக்குக் கல்யாணம்டா சங்கரா. வரலேன்னா நீ எனக்குச் செத்தவன்" என்றான் தொலைபேசியில். அந்த வாக்கியத்தை அவன் இன்னும் கொஞ்சம் யோசித்து அமைத்திருக்கலாம். ஆனால் அவனுக்கு விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை.

டாக்டரம்மா ஏகப்பட்ட அறிவுரைகள் சொல்லி அனுப்பினார். கடிதம் கையில் இருக்கட்டும். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கும். போகிற இடத்தில் இந்த மருந்து கடையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எல்லாவற்றையும் செய்தேன், கொழும்பு வரைக்கும்.

கொழும்பு விமான நிலையத்தில் கைப்பையைத் திறந்த அதிகாரி மருந்து அட்டைகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். அந்தச் சொல் வந்த வரியில் அவர் கண் நின்றது எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்தபோது குரல் பாதியாக இறங்கியிருந்தது. "பத்திரமாகப் போய்வாருங்கள்" என்றார் ஆங்கிலத்தில், நான் போகவிருப்பது கல்முனைக்கு அல்ல என்பதுபோல. அடுத்த மேசைக்காரர் கல்யாண வீட்டுக்கு நான் கொண்டுவந்த அல்வாப் பெட்டிகள் மூன்றையும் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இவர் ஏதோ பதில் சொன்னார். பின்னால் நின்ற பயணி எனக்காக மொழிபெயர்த்தார்: "பாவம், இனிப்பையாவது விடு."

அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். கல்முனையில் ஒருவரிடமும் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் நான் நுழையும் இடமெல்லாம் குரல் இறங்கக் கூடாது.

கொழும்பு விடுதியில் ஒரு பெட்டி அல்வாவை நானே தீர்த்துவிட்டேன். பாவப்பட்டவன் என்பதால் கிடைத்த உரிமையை வீணாக்கக் கூடாதல்லவா? காலியான பெட்டி நல்ல தடித்த அட்டை, உள்ளே பளபளவென்று தாள். மருந்து அட்டையில் 'முப்பது பாகைக்குக் கீழ் வைக்கவும்' என்று போட்டிருந்தது. வெளியே கொழும்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் இருந்த மருந்தையும் ஒன்றாக அந்தப் பெட்டிக்குள் அடுக்கி, செலோடேப்பால் ஒட்டினேன். மிகச் சாமர்த்தியமான வேலை என்று எனக்கு அப்போது தோன்றியது.

கிழக்கே போகும் பஸ்ஸில் குளிரூட்டி பாதி வழியில் உயிரை விட்டது. நடத்துநர் அதன் மேல் இரண்டு தட்டு தட்டி, "காத்து வருதுதானே, ஜன்னலைத் திறங்க" என்றார். ஜன்னல்கள் திறக்காத வகை. நான் பெட்டியை மடியில் வைத்துச் செய்தித்தாளால் விசிற ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கை அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, கோழிக் குஞ்சா?"

"இல்லைங்க. அல்வா."

"அல்வாக்கும் வேர்க்குமா?"

எதிர் இருக்கைக்காரர் திரும்பி, "இந்தியா அல்வா எண்டா வேர்க்கும்" என்று எனக்காக வாதாடினார்.

கல்முனையில் இறங்கியபோது நிஸ்தார் கட்டிப்பிடித்து, என் முதுகில் தட்டி, "மெலிஞ்சிட்டடா" என்றான். "நடைப் பயிற்சி" என்றேன். அவன் வயிற்றை நான் தட்டினேன். முப்பத்தைந்து வருட நட்பு அந்த இரண்டு தட்டில் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் கூடம் முழுக்க ஆட்கள். மேசை முழுக்க மீன். பாரை மீன் பொரியல், இறால், பெரிய சட்டியில் மீன் ஆணம்; குழம்பை இங்கே ஆணம் என்கிறார்கள். அதன் வாசனையில் நான் மதம் மாறியிருப்பேன், யாராவது கேட்டிருந்தால். ஆனால் மருந்து நேரம் நெருங்கிவிட்டது. வயிறு காலியாக இருந்தாக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிஸ்தாரின் மனைவி பரீனா கவலையோடு வந்தார். "என்ன அண்ணன், ஒண்டும் திங்காம இரிக்கீங்க? ஏதும் வருத்தமா?"

"வருத்தமா? ஒரு வருத்தமும் இல்லைங்க. ரொம்ப சந்தோஷமா இருக்கேன்" என்றேன் அழுத்தமாக.

அவர் குழம்பிப்போய்ப் புருஷனைப் பார்த்தார். நிஸ்தார் சிரித்தான். "டேய், வருத்தம்னா இங்க நோய்டா. உடம்புக்கு ஏதாவதான்னு கேக்கிறா."

அதற்குள் நான் சத்தியப் பிரமாணமே செய்துவிட்டிருந்தேன். உடம்பெல்லாம் சந்தோஷம் என்று. திருத்திச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் கூடத்தில் பதினைந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப விரதமா?" என்றார் பரீனா.

தலையாட்டினேன். முந்தைய கேள்விக்கு அகராதி தேவைப்பட்டது. இதற்குக் கோழைத்தனம் மட்டும் போதுமாக இருந்தது.

"அல்லாஹ்வே! விரதக்காரருக்கு முன்னால மீன வச்சிட்டனே!" பரீனா பதறிப்போனார். கண்மூடித் திறப்பதற்குள் பாரை போயிற்று. இறால் போயிற்று. ஆணச்சட்டியை இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு போன காட்சி, நெருங்கிய உறவினர் ஒருவரை எடுத்துச் செல்வதுபோல இருந்தது.

மறுநாள் மதியம் காரைதீவிலிருந்து எனக்கென்று அடுக்குக் கேரியரில் மரக்கறிச் சாப்பாடு வந்து இறங்கியது. நிஸ்தாரோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் அந்த ஊரில் இருக்கிறார். சைவக் குடும்பம். கல்யாண வீட்டின் பாத்திரத்தில் மீன் வாடை இருக்கும், விரதக்காரர் மனம் நோகக் கூடாது என்று பரீனா முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாராம். முருங்கைக்காய்ப் பால்கறி, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். எல்லாம் அருமை. எனக்கு அழுகை வந்தது, வேறு காரணத்தால்.

"டீச்சர் கேக்கிறா, இண்டைக்கு என்ன விரதம் எண்டு" என்றார் பரீனா. "அவட கலண்டர்ல ஒண்டும் இல்லியாம்."

"இது எங்க ஊர்ல மட்டும் உள்ளதுங்க."

"எத்தின நாளைக்கி?"

"ஆயுசு பூரா."

அந்த வீட்டில் அதுவரை நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரைக்கு வந்ததும் மணல் முழுக்க வெள்ளியாகத் துள்ளியது. ஒரு மீனவர் நிஸ்தாரைக் கண்டு, "சேர், கலியாண ஊட்டுக்குக் கொண்டு போங்க" என்று இரண்டு பெரிய மீனைத் தூக்கிக் காட்டினார். நிஸ்தார் என்னைக் கண்ணால் காட்டி, "விரதக்காரர்" என்றான். மீனவர் உடனே மீன்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இவ்வளவு மரியாதை தெரிந்த ஊரில் பொய் சொல்வது மிகவும் சிரமம்.

திரும்பி வரும் வழியில் நிஸ்தார் வீட்டு மாடியைக் காட்டினான். மகளுக்காகக் கட்டியது. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். எங்கள் ஊரில் பெண்ணை அழவைத்து அனுப்புவோம். இங்கே அழவேண்டிய பொறுப்பு மாப்பிள்ளையின் தாய்க்கு. என் மாமனார் இந்த ஊர்க்காரராக இருந்திருந்தால் என்னைத் தினமும் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு நடந்தது நல்லதுதான்.

மாடிக்கு இன்னும் தளம் போடவில்லை, தகரக் கூரைதான். நான் தங்கியிருந்ததும் அங்கேதான். இரவுக் குளிகையை எடுத்தபோது அட்டை, பொரித்த அப்பளம் போல் சுட்டது. பயந்துபோய், பெட்டியைத் திரும்ப ஒட்டி, கீழே கொண்டுபோய், வட்டிலப்பம் என்னும் முட்டை இனிப்புக் கிண்ணங்களுக்கு நடுவே குளிர்ப்பெட்டியில் வைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள் எவனும் அல்வாவைக் குளிர்ப்பெட்டியில் வைக்கமாட்டான். அந்தச் சங்கதி தெரிந்தவர்கள் அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள், கல்யாண நாள். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். காலையில் இறங்கிப்போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். வட்டிலப்பம் இருந்தது. பெட்டி இல்லை.

"இங்க ஒரு அல்வாப் பெட்டி..."

பரீனா முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணன்ட அல்வாவத்தான் தட்டுக்கு நடுவுல வச்சி அனுப்பின! மத்த ரெண்டயும் நேத்தே புள்ளைகள் முடிச்சிட்டாங்க. இத நீங்க ஒளிச்சி வச்சிருந்தது நல்லதாப் போச்சி."

"எங்கே அனுப்பினீங்க?"

"மாப்பிள ஊட்டுக்கு. பாலமுனைக்கு. பலகாரத் தட்டெல்லாம் விடியப் போயிட்டுத்தானே."

"பிரிச்சுப் பாக்கலையா?"

"ஒட்டியிருந்ததே. பிரிக்காம அனுப்பினாத்தானே மரியாதை? கிளிங் பேப்பர் சுத்தி, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பின."

ஒரு வேளை தவறினால் சமாளிக்கலாம். ஊர் திரும்பும் வரைக்குமான முழு மருந்தும் அதற்குள் இருந்தது. அதைவிட மோசம், அங்கே யாரோ ஒரு குழந்தை இனிப்பென்று நினைத்து வாயில் போட்டால்? நிஸ்தாரைச் சமையலறைக்குப் பின்னால், வாழைமரத்தடிக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சில வருடங்களாக மறைத்தது இரண்டு நிமிடச் சரக்குத்தான்.

அவன் வாசலில் நின்ற ஓட்டோவில் என்னை ஏற்றினான். பரீனாவுக்கு, வருகிறோம் என்று மட்டும் கை காட்டினான். அடுத்த ஊரான சாய்ந்தமருது தாண்டியதும் வெடித்தான். கோபத்தில் எங்கள் தமிழ் அவனை விட்டுப் போய், அவன் ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

"பல்லுக்கொதி எண்டா எனக்குக் கோல் எடுக்கிற. மருமகன் கதைக்கல்ல எண்டா எனக்குக் கோல் எடுக்கிற. இதச் சொல்லல்ல. நான் ஆருடா உனக்கு?"

"நீ குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிச்சுடுவியோன்னு பயம்."

"நான் எப்ப தாழ்த்தின? கேளு, இப்ப தாழ்த்தியா கதைக்கிறன்?" ஓட்டோவே அதிர்ந்தது.

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "சேர், குறுக்க கதைக்கிறன் எண்டு நினைக்காதீங்க. இந்த வருத்தத்துக்கு இந்தியாவில நல்ல குளிசை இரிக்காமே?"

"இருக்கு" என்றேன். "இப்போ பாலமுனையில இருக்கு."

நிந்தவூருக்கு அப்பால் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏற்றக் கூடாது என்று ஓட்டுநர் ஓரமாக ஊர்ந்தார். மீதிப் பாதியில் எருமைகள் நின்றன. நிஸ்தார் அந்த நேரத்தில் தன் கவலையைச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய தட்டிலிருந்து ஒன்றைத் திருப்பிக் கேட்பது இந்தப் பக்கத்தில் நடக்காத காரியம். கொடுத்ததைக் கேட்டால் சம்பந்தத்தையே திருப்பிக் கேட்டமாதிரி. "நாசூக்கா நான் கதைக்கிறன். நீ வாயத் திறக்காத" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று காலை முதல் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் நான்கைந்து ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண வீட்டுக் கலகலப்பு இல்லை. நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமா லத்தீப். நெல் ஆலை முதலாளி, அகலமான மனிதர். மூலையில் மாப்பிள்ளை அஸ்ஹர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுகள் சிவந்திருந்தன. உள் கதவின் திரைக்குப் பின்னால் அவன் உம்மாவும் பெண்களும் நிற்பது தெரிந்தது.

"வாங்க சேர்" என்றார் லத்தீப். "நாங்களே உங்களுக்கு ஒரு கோல் எடுக்க இருந்த."

"லத்தீப் காக்கா, காலைல வந்த தட்டில ஒரு அல்வாப் பெட்டி..."

"ஓம். பிரிச்சிப் பாத்த. உள்ளுக்கு அல்வா இல்ல."

"தெரியும்" என்றான் நிஸ்தார்.

லத்தீப் மெதுவாக முன்னால் குனிந்தார்.

"அப்ப தெரிஞ்சிதான் அனுப்பினயளா?"

"இல்ல காக்கா, அது வந்து..."

"சேர், ஒளிக்காமக் கதைக்கிறன். நம்மட பொடியனுக்கு ஒரு குறையும் இல்ல."

"குறையா? ஆரு குறை சொன்ன?"

"இந்தியாவில இரிந்து விசேஷமா ஒரு ஆள் வாறாரு. அவர் வந்து மூணாம் நாள், மாப்பிளைக்கு இந்தியாக் குளிசை வருது. அதுவும் அல்வாக்குள்ள மறைச்சி, ரிப்பன் கட்டி. நாங்க என்னத்த நினைக்கிற?"

திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் உம்மா குரல் வந்தது. "பேரப்புள்ள வேணும் எண்டு நாங்களே இன்னும் கேக்கல்ல. அதுக்குள்ள பொண்ணு ஊட்டாருக்கு என்ன அவசரம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிஸ்தாருக்கும் விளங்கியது. அவன் வாயைத் திறந்தான். நாசூக்கு எதுவும் வரவில்லை. அஸ்ஹரின் காது மேலும் சிவப்பதற்கு இடமில்லாமல் இருந்தது. ஒரு கல்யாணம், முப்பத்தைந்து வருட நட்பு, என் மருந்து மூன்றும் அந்த விறாந்தையில் ஒரே பெட்டிக்குள் கிடந்தன.

எழுந்து நின்றேன். "மன்னிக்கணும். அது மாப்பிள்ளைக்கு இல்லை. எனக்கு. நான்தான் வருத்தக்காரன்."

"என்ன வருத்தம்?" என்றார் லத்தீப் சந்தேகத்தோடு.

"புற்றுநோய். ரத்தத்துல."

"அல்ஹம்துலில்லாஹ்!"

ஒரே நேரத்தில், ஒரே குரலில், முழு விறாந்தையும். திரைக்குப் பின்னால் இன்னும் பலமாக. எல்லாரையும் மிஞ்சிக் கேட்டது மாப்பிள்ளையின் குரல். அவன் இருக்கையை விட்டே எழுந்துவிட்டான்.

அடுத்த நொடி தாங்கள் எதற்கு இறைவனைப் புகழ்ந்தோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. லத்தீப் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். "அஸ்தஃபிருல்லாஹ்! நாங்க அப்படிச் சொல்லல்ல தம்பி, அப்படி இல்ல..." என்று திரைக்குள்ளிருந்து பதறல். என்னால் அடக்க முடியவில்லை. சிரித்தேன். எனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு யாராவது நிம்மதியடைந்தது அதுவே முதல் தடவை. நான் சிரித்ததும் நிஸ்தார் சிரித்தான். பிறகு அஸ்ஹர். பிறகு யாரும் யாரையும் பார்க்க முடியாத அளவுக்கு எல்லாரும்.

பெட்டி வந்தது. கிளிங் பேப்பர், ரிப்பனோடு. அட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு அட்டையில் நான் கிழிக்காத ஒரு குமிழ் கிழிந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"ஒண்ணு குறையுது" என்றேன். "பிள்ளைங்க யாராவது..."

சிரிப்பு நின்றது. "புள்ளைகளத் தட்டுக்குக் கிட்ட விடல்ல" என்றது திரை. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லத்தீப் மட்டும் கூரையைப் பார்த்தார்.

"காக்கா?" என்றான் நிஸ்தார்.

"சோதிச்சிப் பாக்கணும்தானே" என்றார் லத்தீப் கூரையிடம். "பொடியன் திங்கிற சாமான் நல்லதா கெட்டதா எண்டு."

திரை விலகியது. மாப்பிள்ளையின் உம்மா வெளியே வந்தேவிட்டார். "உனக்கென்னத்துக்குடா சோதன? பேரப்புள்ளைகள் எடுத்த வயசில?"

"தங்கத்தப் பாத்து வாங்கிறதில்லியா ராத்தா? அப்படித்தான்."

"வெறும் வயித்துலயா?" என்று கேட்டேன்.

"சீச்சீ. தட்டுல வந்த தொதல் திண்டு, வாழப்பழம் திண்டு, பிளேன்டீயோட."

என் சிரிப்பு முழுவதும் போயிற்று. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் என்னைத் திட்டினார். இரண்டாகப் பிரிக்கச் சொன்னேனே என்று ஆரம்பித்து, காலை வேளை போனது போனதுதான், ஈடுகட்ட இரண்டாக விழுங்காதீர்கள், இரவு வேளையிலிருந்து வழக்கம்போல எடுங்கள் என்று முடித்தார். பிறகு லத்தீபைப் பற்றிச் சொன்னேன்.

"எதுக்காக விழுங்கினார்?"

சொன்னேன். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு டாக்டர் குரல் திரும்பியது. இதய நோய் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒன்றே ஒன்று என்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் உடனே ஆஸ்பத்திரியில் காட்டி ஈசிஜி எடுத்துவிடுங்கள், மயக்கமோ படபடப்போ இருக்கிறதா என்று கவனியுங்கள் என்றார்.

"படபடப்பு இருக்கா காக்கா?"

"இப்ப நீங்க கேட்டதுக்குப் பொறகு இரிக்கி."

அதே ஓட்டோ. ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்து நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். இளம் டாக்டர் என் கடிதத்தைப் படித்தார், லத்தீபைப் பார்த்தார், "வருத்தக்காரர் அவர், குளிசை குடிச்சது நீங்க?" என்று கேட்டார். லத்தீப் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எனக்காகக்கூட இவ்வளவு பிரார்த்தித்ததில்லை என்னும் அளவுக்குப் பிரார்த்தித்தேன். என் நோயால் நான் போனால் அது எனக்கும் நோய்க்கும் உள்ள கணக்கு. என் கோழைத்தனத்தால் இன்னொரு மனிதர், அதுவும் கல்யாண நாளில், என்றால்?

முதல் ஈசிஜி சரி. கொஞ்ச நேரம் வைத்திருந்து இன்னொன்று எடுத்தார்கள். அதுவும் சரி. "ஊட்டுக்குப் போகலாம். இனி ஆருட மருந்தையும் ருசி பாக்காதீங்க" என்றார் டாக்டர். நிஸ்தார் கல்முனைக்குத் தகவல் சொல்லப் போனோடு வெளியே ஓடினான். பரீனா மறுமுனையில் அழுதுவிட்டு, உடனே, "அப்ப அண்ணன் மீன் திம்பாரா?" என்று கேட்டாராம்.

நானும் லத்தீபும் ஓட்டோவின் பின்னிருக்கையில் காத்திருந்தோம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். நெல் ஆலைக்காரரின் கண். எதையும் நிறுத்துப் பார்க்கிற கண்.

"தம்பி, இத நீங்க கன வருஷமாத் திங்கிறீங்களா?"

"ஆமா."

"இது இல்லாட்டி?"

"இதுவரைக்கும் இருந்திருக்க மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். குரல் இறங்கவில்லை. அனுதாபமும் இல்லை. விலை விசாரிக்கிற தொனிதான்.

"அப்ப நான் ஒண்டு முழுங்கினதுக்கு எனக்கு எவ்வளவு ஆயுசு கூடும்?"

அப்படி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்.

"பன்னிரண்டு மணிநேரம்."

அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். முழுங்கிய நேரத்திலிருந்து விரல் மடக்கி எண்ணினார்.

"அது போதும்" என்றார். "நிக்காஹ் இஷாவுக்குப் பொறகுதானே."